வட்டத்தின் வம்சாவளி

மனிதர்களுக்குக் குலமும் கோத்திரமும், பிறந்தகமும் புக்ககமும் இருப்பது போலச் சொற்களுக்கும் உண்டு. சில சொற்கள் பிறந்த ஊரை விட்டு நகராமல் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மடிந்து போகின்றன. வேறு சில சொற்கள் கடல் கடந்து, மலை தாண்டி, தேசத்துக்கு ஒரு குடும்பமாகப் பெருகி விடுகின்றன. அப்படிப் பெருகிய பிறகு அண்ணன் பேசுவது தம்பிக்கு விளங்குவதில்லை. ஒரு வீட்டில் பரிகாசப் பெயராக வழங்குவது இன்னொரு வீட்டில் பெருமைக்குரிய பட்டமாக இருக்கும்.

இத்தகைய பெருங்குடும்பம் ஒன்றைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். லத்தீன் பாஷையில் வட்டத்தைக் குறித்த ஒரு சொல்லே அந்தக் குடும்பத்தின் மூலபுருஷன். நமது சுதந்திர சரித்திரத்திலும் அச்சொல்லுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 1930 முதல் 1932 வரை நம் நாட்டுப் பத்திரிகைகளில் ஓயாது அடிபட்ட 'வட்டமேஜை மகாநாடு' என்னும் பெயர் அந்த வம்சத்தில் வந்ததேயாகும். வட்டம் என்ற சொல்லுக்குள் சமத்துவம் என்ற பொருள் எப்படி வந்து புகுந்தது, அது மெய்யான சமத்துவமா, பெயரளவில் நின்றதா என்பதே இங்கே நாம் விசாரிக்கப் போகும் விஷயம்.

சக்கரத்திலிருந்து பிறந்தது

பண்டைய ரோமாபுரியில் வண்டிச் சக்கரத்துக்கு 'ரோட்டா' என்று பெயர். சக்கரத்தைப் போன்றது எதுவோ அது 'ரொட்டுண்டுஸ்', அதாவது, வட்டமானது. ரோமானியர் வட்டத்தின் பெயரைக் கணித நூலில் தேடவில்லை. தெருவில் உருண்டு சென்ற வண்டியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

தமிழரும் ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். பழந்தமிழில் 'உருள்' என்பது தேர்ச் சக்கரத்துக்கும் பெயராக வழங்கியது. உருண்டையும் உருளையும் அதன் உடன்பிறப்புகள். 'ரோட்டா'வுக்கும் 'உருளு'க்கும் ஓசை சற்று ஒத்திருக்கிறதே என்று உடனே சம்பந்தம் பேசி விடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு குலம். ஓடும் சக்கரத்தைப் பார்த்த இரண்டு ஜனசமூகங்கள் தனித்தனியே ஒரே விதமாக யோசித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஆனால் 'ரோட்டா'வுக்கு மெய்யான உறவினர் ஒருவர் நம் ஊர்த் தேரடியிலேயே நிற்கிறார். அவர்தாம் 'ரதம்'. வடமொழி ரதமும் லத்தீன் ரோட்டாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழி நூலார் கண்ட முடிவு. ஜெர்மானியர் சக்கரத்தை 'ராட்' என்பதும், லித்துவேனியர் 'ராட்டாஸ்' என்பதும் இதே குடும்பந்தான். ரோமாபுரியில் சக்கரத்துக்கு மாத்திரம் பெயராக நின்றது, பாரத தேசத்தில் சக்கரம் பூட்டிய தேர் முழுவதற்கும் பெயராகி விட்டது. 'ரதோற்சவம்' என்று அச்சடித்த திருவிழாப் பத்திரிகையைக் கையில் வாங்குகிறவர், இங்கிலீஷ்காரரின் 'ரவுண்ட்' என்னும் சொல்லுக்குத் தூரத்து உறவான ஒரு சொல்லைக் கையில் வைத்துக் கொண்டிருக்கிறார்!

காதால் வந்ததும் ஏட்டால் வந்ததும்

ரோம சாம்ராஜ்யம் சிதறிய பின், 'ரொட்டுண்டுஸ்' பாமர ஜனங்களின் நாவில் தேய்ந்து உருமாறியது. ஸ்பெயின் தேசத்தாரும் போர்த்துக்கீசியரும் அதை 'ரெடோண்டோ' ஆக்கினர். பிரெஞ்சுக்காரர் இன்னும் சுருக்கி, மூக்கால் ஒலித்து, 'ரோன்' என்றனர். இத்தாலியர் முழுச் சொல்லையும் வைத்துக் கொண்டார்கள். அதன் தலையை வெட்டித் 'தோண்டோ' என்று ஒரு குறுஞ்சொல்லும் செய்து கொண்டார்கள். பிரான்ஸிலிருந்து கால்வாயைக் கடந்து இங்கிலாந்து சென்றது 'ரவுண்ட்' ஆயிற்று. கிழக்கே சென்றது ஜெர்மனியில் 'ருண்ட்' ஆகவும் ஹாலந்தில் 'ரோண்ட்' ஆகவும் குடியேறியது. இவை எல்லாம் காதால் கேட்டு வாயால் வழங்கி வந்த பிள்ளைகள்.

பல நூற்றாண்டு கழித்து, லத்தீன் ஏடுகளைப் படித்த பண்டிதர்கள் அதே மூலச் சொல்லைப் புத்தகத்திலிருந்து நேராக எடுத்து மறுபடியும் வழக்கில் விட்டார்கள். இவ்விதம் ஏட்டால் வந்த பிள்ளைகளில் இங்கிலீஷில் 'ரோட்டண்ட்' என்று ஒன்றும், ஸ்பானிஷில் 'ரோட்டுண்டோ' என்று ஒன்றும் உண்டு. இருவரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்; ஆயினும் குணத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது. இங்கிலீஷில் ஒருவரை 'ரோட்டண்ட்' என்றால் அவர் தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறார் என்று பொருள். ஸ்பானிஷிலோ 'ரோட்டுண்டோ' என்பது சந்தேகத்துக்கு இடமில்லாதது, முடிவானது, அப்பழுக்கற்றது என்பதாகும். 'ரோட்டுண்டோ'வான வெற்றி என்றால் மாபெரும் வெற்றி. 'ரோட்டுண்டோ'வான மறுப்பு என்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக 'முடியாது' என்று சொல்லி விடுவது.

ஒரே சொல் ஓரிடத்தில் தொப்பையாகவும் ஓரிடத்தில் தீர்மானமாகவும் ஆனது எப்படி? வட்டத்துக்கு மூலை கிடையாது. குறையாக விட்ட இடம் கிடையாது. எனவே வட்டமானது எதுவோ அது பூரணமானது என்று கருதுவது இயல்பு. லத்தீன் கவி ஹொரேஸ், கிரேக்கர்கள் வட்டமான வாயால் பேசும் வரம் பெற்றவர்கள் என்று புகழ்ந்திருக்கிறார். நிறைவான, கம்பீரமான சொல்வன்மை என்பது கருத்து. நிறைவான பேச்சு என்ற பொருளிலிருந்து, மறுபேச்சுக்கு இடமில்லாத பேச்சு என்ற பொருளுக்கு ஒரே எட்டுத்தான். ஸ்பெயின் அந்த எட்டை எடுத்து வைத்தது. இங்கிலாந்து பார்வைக்குத் தெரியும் உருண்டையோடு நின்று விட்டது.

நேயர்கள் இதைக் கண்டு வியப்படைய வேண்டியதில்லை. நம் தமிழில் 'ஆசாரியர்' என்றால் வேதாந்தம் உபதேசிக்கும் குரு. 'ஆசாரி' என்றால் கதவும் ஜன்னலும் செய்து கொடுப்பவர். இரண்டும் ஒரே வடசொல்லின் வழி வந்தவை. ஒருவர் ஏட்டோடு வந்தார். மற்றவர் ஜனங்களோடு வந்தார். வீடு கட்டுகிற சமயத்தில் இவர்களில் யார் தேவை என்பதில் யாருக்கும் மயக்கம் உண்டாவதில்லை.

பூரணம் என்ற இந்தப் பொருள் பல நாடுகளிலும் பல வேஷம் போட்டிருக்கிறது. சில்லறையைத் தள்ளி நூறு, ஆயிரம் என்று சொல்லும் எண்ணை இங்கிலீஷ்காரர், ஜெர்மானியர், ஸ்பானியர் எல்லாருமே 'வட்ட எண்' என்கிறார்கள். ஸ்பெயினில் எவ்விதக் குறையுமின்றி லாபமாக முடிந்த வியாபாரம் 'வட்ட வியாபாரம்' ஆகும். வட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வந்து சேரும். ஆகவே, போலீஸ்காரர் இரவில் வீதி சுற்றுவதும், டாக்டர் காலையில் நோயாளிகளைப் படுக்கை படுக்கையாகப் பார்த்து வருவதும், குத்துச் சண்டையில் ஒரு முறை மோதி ஓய்வதும், சீட்டாட்டத்தில் ஒரு சுற்று முடிவதும் இங்கிலீஷில் 'ரவுண்ட்' தான். துப்பாக்கியில் ஒரு முறை சுடுவதற்கான குண்டுக்கும் அதே பெயர்.

இந்தச் சொல் தமிழர் வீட்டுக்குள்ளும் அனுமதி கேளாமல் நுழைந்து விட்டது. 'கடைவீதியில் ஒரு ரவுண்டு போய் வந்தேன்' என்று சொல்லாதவர் இன்று யார்? நாற்சந்தியின் நடுவே வட்டமாகக் கட்டிய மேடையைச் சுற்றி வண்டிகள் திரும்பும் இடத்தை 'ரவுண்டானா' என்று சொல்கிறோம். சென்னை மௌண்ட் ரோட்டில் இருந்த 'ரவுண்டு தாணா'விலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். தாணா என்பது ஹிந்துஸ்தானியில் போலீஸ் சாவடி. ஆக, லத்தீனும் ஹிந்துஸ்தானியும் கை கோத்துத் தமிழ்நாட்டு நாற்சந்தியில் நிற்கின்றன.

பெரிய குடும்பம் என்றால், உறவினர் போல உள்ளே வந்து உட்காரும் அந்நியர்களும் இருப்பார்கள் அல்லவா? சூழ்ந்து கொள்வதை இங்கிலீஷில் 'சரவுண்ட்' என்கிறார்கள். அதன் வாலில் 'ரவுண்ட்' இருப்பதைப் பார்த்து அதுவும் இந்த வம்சம் என்றே எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது வெள்ளம் கரை புரண்டு பெருகுவதைக் குறித்த வேறொரு லத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ரவுண்ட்' வீட்டு வாசலில் நெடுநாள் நின்றதால் முகச்சாயலும் பொருளும் மாறி, அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகி விட்டது.

கட்டடத்திலும் கவியிலும்

வட்டக் கட்டடங்களுக்கு 'ரோட்டண்டா' என்று பெயர். இவற்றுக்கெல்லாம் தாய் ரோமாபுரியிலுள்ள பாந்தியன் ஆலயம். ஹாட்ரியன் சக்கரவர்த்தி காலத்தில், கி.பி. 126-ஐ ஒட்டிக் கட்டி முடிந்த அதன் கூம்பின் குறுக்களவு சுமார் 43 மீட்டர். தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43 மீட்டர். எனவே அதற்குள் ஒரு பெரிய பந்தை வைத்தால் அது தரையையும் உச்சியையும் ஏககாலத்தில் தொட்டு நிற்கும். உச்சியிலே சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு திறந்த வட்டம். வெயிலும் மழையும் அதன் வழியே உள்ளே விழுகின்றன. மழை நீர் வடியத் தரையில் துவாரங்கள் உண்டு. 609-இல் கிறிஸ்தவ ஆலயமாக மாறிய பின் ரோம் நகரத்தார் அதைத் தங்கள் வழக்கில் 'ரொட்டோண்டா' என்றே அழைத்தார்கள். அதன் முன்னுள்ள சதுக்கத்துக்கு இன்றும் அப்பெயரே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டசபைக் கட்டடத்தில் நடு மண்டபத்துக்கும் இதே பெயர்தான். ஆனால் அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 'ரோட்டண்டா' என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவு வருவது பிரசவ ஆஸ்பத்திரி. 1745-இல் ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்குப் பணம் திரட்டும் பொருட்டு, பக்கத்திலே கச்சேரிகள் நடத்த ஒரு வட்ட மண்டபம் கட்டினார்கள். மண்டபத்தின் பெயர் ஆஸ்பத்திரிக்கு ஒட்டிக் கொண்டது. இத்தாலியிலோ, தலை வெட்டிய 'தோண்டோ' வட்டமான சித்திரத்துக்குப் பெயராயிற்று. மைக்கேலாஞ்சலோவும் ராபேலும் தேவமாதாவையும் குழந்தையையும் அத்தகைய வட்டங்களுக்குள் எழுதிப் புகழ் பெற்றார்கள்.

பிரெஞ்சுக் கவிகள் ஆரம்பத்தில் வந்த சொற்களே மீண்டும் மீண்டும் திரும்பி வரும் ஒரு வகைப் பாட்டை 'ரோண்டோ' என்றனர். சங்கீதத்தில் 'ரோண்டோ' என்பது, நம் கீர்த்தனையில் பல்லவி வருவது போல, முதலில் வாசித்த பகுதிக்கே திரும்பித் திரும்பி வருவது. கம்பர் கையாண்ட விருத்தத்தின் பெயர் இங்கே நமக்கு நினைவு வருகிறது. வடமொழியில் 'விருத்தம்' என்றால் வட்டம் என்றும் பொருள், செய்யுள் என்றும் பொருள். சுழன்று வருவதையே பாட்டு என்று கருதுவதில் பாரிஸுக்கும் பாரதத்துக்கும் அதிக தூரம் இல்லை போலும்!

தலையில்லாத மேஜை

இனி ராஜ்ய விவகாரத்துக்கு வருவோம். நீண்ட மேஜை ஒன்றைப் போட்டால் அதற்குத் தலைமாடு என்றும் கால்மாடு என்றும் ஏற்பட்டு விடுகிறது. தலைமாட்டில் உட்காருகிறவர் பெரியவர். அவருக்கு அருகில் இருப்பவர் அடுத்த பெரியவர். கல்யாணப் பந்தியில் இலை போடும் வரிசையால் எத்தனை சம்பந்திச் சண்டைகள் மூண்டிருக்கின்றன என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

ஆர்தர் அரசனின் வீரர்களுக்குள்ளும் இதே சண்டை வந்ததாம். ஜெர்ஸி தீவில் பிறந்த வாஸ் என்னும் கவி 1155-இல் முடித்த பிரெஞ்சுக் காவியம் ஒன்றில்தான் ஆர்தரின் வட்டமேஜை முதன் முதலாக வருகிறது. ஒவ்வொரு வீரனும் தானே சிறந்தவன் என்று எண்ணியதால், ஒருவரும் மற்றவரைவிட உயர்ந்த இடத்தில் உட்கார முடியாதபடி அரசன் வட்ட மேஜை செய்வித்தான் என்கிறார் கவி. இந்தக் கணத்திலிருந்து வட்டம் என்ற சொல்லுக்குச் சமத்துவம் என்ற பொருளும் வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் நகரத்துப் பழைய மண்டபத்தின் சுவரில் ஒரு பெரிய வட்ட மேஜை மாட்டியிருக்கிறது. குறுக்களவு 18 அடி, ஓக் மரம். ஆர்தரின் மேஜை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மரத்தை ஆராய்ந்தவர்கள் அது 13-ஆம் நூற்றாண்டின் வேலை என்று கண்டார்கள். எட்டாவது ஹென்றி அரசன் காலத்தில் அதற்கு வர்ணம் பூசி, விளிம்பைச் சுற்றி 24 வீரர்களின் பெயர்களை எழுதினார்கள். கூடவே, சிங்காதனத்தில் கிரீடத்தோடு அமர்ந்த ஓர் அரசனின் படத்தையும் வரைந்தார்கள். வீரர்களுக்குப் பெயர் மாத்திரம். அரசனுக்கு முழு உருவம்! அந்த உருவத்தின் முகம் ஹென்றியின் முகத்தை ஒத்திருக்கிறது. வட்டத்துக்குத் தலை கிடையாது என்பது க்ஷேத்திர கணிதம். அரசன் உட்கார்ந்த இடமே தலை என்பது ராஜ்ய தந்திரம். இரண்டுக்கும் உள்ள பேதம் அந்த மரப் பலகையில் தெளிவாக எழுதியிருக்கிறது.

லண்டனில் போட்ட வட்டம்

1930 நவம்பர் 12-ஆம் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் லண்டனில் முதல் வட்டமேஜை மகாநாட்டைத் திறந்து வைத்தார். பிறகு கூட்டங்கள் ஸெயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நடந்தன. அப்போது நம் நாட்டில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து, ஆயிரக்கணக்கான தேசபக்தர்கள் சிறையில் இருந்தார்கள். காங்கிரஸ் அம்மகாநாட்டுக்குச் செல்லவில்லை. 1931 மார்ச் 5-ஆம் தேதி காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னர், இரண்டாவது மகாநாட்டுக்குக் காங்கிரஸின் ஏகப் பிரதிநிதியாக மகாத்மா காந்தி கப்பலேறினார். அந்த மகாநாடு 1931 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 1 வரை நடந்தது. மூன்றாவது மகாநாடு 1932 இறுதியில் சில வாரங்களில் முடிந்து விட்டது.

பெயரைக் கேட்டவர்கள் ஆளுகிறவரும் ஆளப்படுகிறவரும் சரிசமமாக உட்கார்ந்து பேசப் போகிறார்கள் என்று எண்ணினார்கள். ஆனால் வட்டத்தைச் சுற்றி நாற்காலி போட்டவர் யார்? இந்தியாவிலிருந்து சென்ற பிரதிநிதிகளைப் பொறுக்கி எடுத்தது பிரிட்டிஷ் சர்க்கார். சுதேச ராஜாக்கள், ஜமீன்தார்கள், பல சமூகத் தலைவர்கள், மிதவாதிகள் என்று இன்னாருக்கு இத்தனை நாற்காலி என்று கணக்கிட்டதும் அவர்களே. அழைக்கப்பட்டவர்களில் அறிவாளிகளுக்கும் தேசாபிமானிகளுக்கும் குறைவில்லை. மகாகனம் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரும், தேஜ் பகதூர் ஸாப்ருவும் இருந்தார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் பிரதிநிதிகளாக டாக்டர் அம்பேத்கரும் நமது இரட்டைமலை சீனிவாசனாரும் முதல் இரண்டு மகாநாடுகளிலும் வீற்றிருந்தார்கள். ஆயினும் ஜனங்கள் ஓட்டளித்து அனுப்பியவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கில்லை.

1931 அக்டோபர் 8-ஆம் தேதி, சிறுபான்மையோர் கமிட்டியில் சமரசப் பேச்சு முறிந்து விட்டது என்று காந்தியடிகள் தெரிவிக்க நேர்ந்தது. தோல்விக்குக் காரணம் மகாநாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது; இங்குள்ள நாம் பெரும்பாலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, சர்க்கார் நியமித்தவர்கள் என்று அவர் சொன்னார். டாக்டர் அம்பேத்கர் அதற்கு எழுந்து, நியமனமோ தேர்தலோ, தம் மக்களின் கோரிக்கையைச் சொல்லத் தமக்குத் தகுதி உண்டு என்று உறுதியாக மறுமொழி கூறினார். நியாயமான வார்த்தைதான். ஏனெனில் அந்த மக்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஓட்டே கிடையாத காலத்தில், அவர்களுக்காகப் பேச நியமனத்தைத் தவிர வேறு வழி என்ன இருந்தது?

அந்த மண்டபத்தில் பலவற்றில் மாறுபட்டு நின்ற இவ்விருவரும் ஒரு விஷயத்தில் ஒத்திருந்தார்கள் என்பதைப் பலர் மறந்து விடுகிறோம். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு வேண்டும் என்று முதல் மகாநாட்டின் ஓட்டுரிமைக் கமிட்டியில் அம்பேத்கர் வாதாடினார். இரண்டாவது மகாநாட்டில் காந்தியடிகளும் அதையே தமது கொள்கை என்று சொன்னார். மேஜைக்கு உரியவர்கள் இதற்கு இணங்கவில்லை. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓட்டுப் பெற்றவர்கள் பெரும்பாலும் சொத்தோ படிப்போ உடையவர்கள்தாம்.

பிற நாடுகளின் மேஜைகள்

நமக்குப் பிறகு பல தேசத்தார் இதே பெயரால் மகாநாடு கூட்டினார்கள். 1949 ஆகஸ்டு 23 முதல் நவம்பர் 2 வரை ஹேக் நகரில் டச்சுக்காரரும் இந்தோனேஷியரும் கூடியதை டச்சுக்காரர் 'ரோண்டே டாபெல்' என்றனர். இந்தோனேஷியர் 'மேஜா புண்டார்' என்றனர். அந்த மேஜாவும் நமது மேஜையும் ஒன்றே. இரண்டு நாட்டுக் கரைகளிலும் அதை இறக்கியவர் போர்த்துக்கீசியர். அம்மகாநாட்டின் பயனாக டிசம்பர் 27-ஆம் தேதி இந்தோனேஷியாவுக்குச் சுதந்திரம் முறைப்படி கைமாறியது. கூடவே 430 கோடி கில்டர் கடனும் அதன் தலையில் ஏறியது. வட்ட மேஜையிலும் கடைசியில் கணக்குச் சீட்டை ஒருவர் பக்கமே தள்ளினார்கள்.

வியட்நாம் யுத்தத்தை நிறுத்துவதற்காகப் பாரிஸில் கூடியவர்கள் மேஜையின் வடிவத்தைப் பற்றியே வாரக்கணக்கில் வாதமிட்டார்கள். தெற்கே போராடிய விடுதலை முன்னணியைத் தனிக் கட்சியாக ஒப்புக்கொள்வதா என்பதே வாதத்தின் உட்கிடை. நான்கு பக்க மேஜை போட்டால் நான்கு கட்சி என்றாகும். இரண்டு பக்கம் என்றால் இரண்டு கட்சியாகும். 1969 ஜனவரியில், கொடியும் பெயர்ப் பலகையும் இல்லாத ஒரு வட்ட மேஜை என்றும், அதற்கு இருபுறமும் 45 சென்டிமீட்டர் தள்ளிக் காரியதரிசிகளுக்கு இரண்டு சிறு மேஜைகள் என்றும் முடிவாயிற்று. இதற்கிடையில் யுத்தகளத்தில் மாண்டவர்களுக்கு மேஜை எந்த வடிவில் இருந்தால் என்ன?

போலந்து தேசத்தின் கதை சற்று ஆறுதலானது. 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை, சர்க்காரும் எதிர்க்கட்சியாரும் வார்ஸாவில் பேசினார்கள். அதற்கென்றே சுமார் 9 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்ட மேஜை செய்தார்கள். அந்த மேஜை பயன் தந்ததற்குக் காரணம் அதன் வடிவம் அன்று. பேச்சின் முடிவில் ஜூன் 4-ஆம் தேதி தேர்தல் நடந்தது. புதிதாக ஏற்படுத்திய மேல் சபையின் 100 ஸ்தானங்களுக்கும் தடையில்லாப் போட்டி. அவற்றில் 99-ஐ எதிர்க்கட்சியார் வென்றார்கள்.

சக்கரத்தின் கடைக்குட்டி

'ரோட்டா'வுக்கு இன்னொரு பிள்ளை உண்டு என்பதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம். அதன் பெயர் 'ரோட்டுலுஸ்'. சின்னச் சக்கரம் என்று பொருள். புத்தகம் கட்டும் வழக்கத்துக்கு வெளியே, ஆட்டுத் தோலில் எழுதிச் சுருட்டி வைத்த கணக்குச் சுருளுக்கு அப்பெயர் வந்தது. அதிலிருந்து பிறந்ததே இங்கிலீஷ் 'ரோல்'. நாடகத்தில் நடிகன் பேச வேண்டிய வசனத்தை எழுதிக் கொடுத்த சுருளே அவனுடைய 'ரோல்' ஆயிற்று. ஒரு கணக்கைச் சரிபார்க்க வைத்துக்கொண்ட எதிர்ச் சுருளே 'கண்ட்ரோல்' ஆயிற்று. யுத்த காலத்தில் அரிசிக்கும் துணிக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தக் 'கண்ட்ரோல்' செய்த பாடு நம் பாட்டிமார் வாயில் கேட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் 'ரோல் நம்பர்' இதுதான். தேர்தலில் ஓட்டளிக்க உரியவர்களின் ஜாபிதாவுக்கும் இதே பெயர்தான்.

டில்லியில் வெள்ளைக்காரர் கட்டிய பார்லிமெண்டு மாளிகையும் வட்டமாகவே இருக்கிறது. 1927 ஜனவரி 18-ஆம் தேதி இர்வின் பிரபு அதைத் திறந்து வைத்தார். சுற்றிலும் 144 தூண்கள். அந்த வட்டத்துக்குள் அன்று அதிகாரம் ஜனங்களிடம் இருக்கவில்லை. அதே மாளிகையின் நடு மண்டபத்தில் 1946 டிசம்பர் 9-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை கூடியது. அந்தச் சபையாரும் மாகாண சட்டசபைகளின் மூலமே வந்தவர்கள். ஆனால் 21 வயது நிரம்பிய ஆண், பெண் ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்று அவர்கள் விதித்து விட்டார்கள். பின்னர் 1989-இல் அந்த வயது 18 ஆகக் குறைந்தது. பார்லிமெண்டு 2023-இல் முக்கோண வடிவமான புதிய கட்டடத்துக்குச் சென்று விட்டது. வட்டம் முக்கோணமானதால் யாருடைய ஓட்டும் கூடவுமில்லை, குறையவுமில்லை.

1951 - 52-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்காகத் தயாரித்த ஜாபிதாவில் 17 கோடி 32 லட்சம் பெயர்கள் இருந்தன. ராஜாவின் பெயரும் அவர் தோட்டக்காரனின் பெயரும் ஒரே எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. வின்செஸ்டர் மேஜையைப் போல ஒருவருக்குப் படமும் மற்றவர்க்குப் பெயரும் என்ற பேதம் அதில் இல்லை. லண்டன் மேஜை தர முடியாத சமத்துவத்தை இந்தக் காகிதச் சுருள் தந்தது.

ஆயினும் அந்த ஜாபிதாவில் ஒரு துயரமான குறை உண்டு. வடநாட்டில் பல பெண்கள் தங்கள் பெயரை அந்நிய மனிதரிடம் சொல்ல மறுத்து, 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மாத்திரம் சொன்னார்கள். பிரதமத் தேர்தல் கமிஷனர் ஸுகுமார் ஸென், சொந்தப் பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று கண்டிப்பாக இருந்தார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கொடுமை என்று சிலர் வருந்தினார்கள். ஆனால் ஒருவருடைய உரிமை இன்னொருவர் பெயரின் நிழலில் நிற்கக் கூடாது என்ற தத்துவம் அதன் உள்ளே இருந்தது.

வட்டத்துக்கு மூலை இல்லை, தலை இல்லை, குறை இல்லை என்று உலகத்துப் பாஷைகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. சொல்லில் குறையில்லைதான். ஆனால் வட்டத்தைப் போடுகிறவர் வேறொருவராக இருக்கும் வரையில், அதைச் சுற்றி உட்காருகிறவர் விருந்தாளியே, வீட்டுக்காரர் அல்ல. நம்மை வீட்டுக்காரர் ஆக்கியது அழகிய மேஜை அன்று, சாதாரண ஜாபிதா. அதில் நம் வீட்டில் ஓட்டுக்கு உரிய ஒவ்வொருவர் பெயரும், முக்கியமாகப் பெண்மணிகளின் பெயரும், அவரவர் சொந்தப் பெயராகச் சரியான எழுத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் ஒருமுறை பார்த்துக் கொள்வோமாக. சக்கரத்தின் வம்சத்தில் கடைக்குட்டியாகப் பிறந்த சொல்லே நமக்கு மூத்த பிள்ளையாக இருந்து உதவியிருக்கிறது.